சந்தனம் கலையாத வடிகட்டி

எனது பெயர் சிவஞானம் ஜீவராணி. வயது முப்பத்தாறு. பெரகலவுக்குக் கீழேயுள்ள தேயிலைத் தோட்டத்தின் மேட்டு லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் வசிக்கிறேன். தோட்டத்தை ஒட்டியிருக்கும் சாயத் தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்கிறேன். இதைச் சொல்லும்படி யாரும் என்னை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினாலும் இதைத்தான் சொல்வேன்.

2008 ஆம் ஆண்டு, சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்ய நனோ வடிகட்டி என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ள சவ்வு வழியாகத் தண்ணீர் மட்டும் போகும், சாயம் இந்தப் பக்கமே நின்றுவிடும் என்று பொறியியலாளர் பார்த்தீபன் ஐயா விளக்கினார். அதன் பின்னர் ஆயுதபூசை வந்தது. நான் எல்லா இயந்திரங்களுக்கும் பொட்டு வைத்து, திறந்திருந்த வடிகட்டிக் குழாயின் வாய்க்குள்ளும் சந்தனம் பூசினேன். பார்த்தீபன் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். "உதுக்குள்ளை ஏன் பூசுறீங்கள்? சரி, விடுங்கோ. தண்ணி ஓடினா உடனை கழுவுப்பட்டுப் போயிடும்" என்று சிரித்தார். அதன் பின்னர் குழாயை மூடினார்கள்.

அதன் பின்னரும் எங்கள் ஓடையில் நீலமும் சிவப்புமாகத்தான் தண்ணீர் வந்தது. அதில் குளித்த என் மகள் லதுஷாவுக்கு உடம்பெல்லாம் புண். முகாமையாளரிடம் முறையிட்டதற்கு, மெசின் ஓடுகிறது, உங்கள் லயத்து அழுக்குத்தான் காரணம் என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை.

கடந்த திங்கட்கிழமை, பதுளையிலிருந்து சுற்றாடல் அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்று வடிகட்டியைத் துடைக்கச் சொன்னார்கள். மூடியைத் திறந்தேன். நான் பூசிய சந்தனம் விரல் தடத்தோடு அப்படியே காய்ந்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீரும் அதற்குள் போகவில்லை. அத்தனையும் வடிகட்டியைத் தொடாமல், அதைச் சுற்றிப் போகும் பக்கக் குழாய் வழியாக நேரே ஓடைக்குப் போயிருக்கிறது. அதன் பின்னர் நான் பக்கக் குழாயின் வால்வைத் தெரிந்தே இறுக்கி மூடினேன். போக வழியில்லாமல் சாயத் தண்ணீர் திரும்பி வந்து களஞ்சியத்தில் இருந்த வெள்ளைத் துணிகளை நனைத்தது. துணி நீலமானதும் பொலிசைக் கூப்பிட்டார்கள். பிள்ளைக்குப் புண் வந்தபோது ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

பொலிஸ் சார்ஜன் ஸரூக் நான் சொன்ன இந்த வாக்குமூலத்தை எழுதி எனக்கு வாசித்துக் காட்டியபோது, வால்வைத் தெரியாமல் மூடினேன் என்று எழுதப்பட்டிருந்தது. "அப்படியே இருக்கட்டும் தங்கச்சி, வீட்டுக்குப் போயிரலாம்" என்றார்.

"வேணாங்க சார். தெரியாம மூடுனேன்னா அதோட முடிஞ்சிரும். தெரிஞ்சேதான் மூடுனேன்னு எழுதுங்க. அப்பதான் ஏன் மூடுனன்னு நீதவான் கேப்பாரு" என்றேன்.

அவர் அந்தச் சொல்லை வெட்டி மாற்றினார். வெட்டிய இடத்திலும் கீழேயும் கையொப்பமிடுகிறேன். இப்போதுதான் இதில் உள்ளவை அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) சி. ஜீவராணி