லைன் குடு, மச்சான்

மாலை ஐந்தே முக்கால் மணி. ஐந்தே முக்கால்தானே என்று நினைக்காதீர்கள். நம் தீவில் டிசம்பர் மாதம் ஐந்தே முக்கால் என்றால் கும்மிருட்டு. வண்டூர் போகிற ரோடு. புயல் அடித்து மூன்றாம் நாள். ஒரு வீட்டிலும் விளக்கில்லை. ஒரு வண்டி வரவில்லை. விழுந்த மரங்களை அறுத்து ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். பச்சை மரத்தின் வாடை... அதற்கு அடியில் உப்புச் சேற்றின் வாடை.

அந்த ரோட்டோரத்தில் ஒரு ஆள், தனியாக, ஒரு ஜோடி ரப்பர் செருப்புக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார்.

நம்மோடு படித்த ப்ரியங்காவின் பெரியப்பா. பெயர் நாகலிங்கம். வேண்டுமென்றால் ப்ரியங்காவையே கேட்டுப் பாருங்கள். கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

நாகலிங்கத்துக்குக் கரண்ட் ஆபீசில் ஒப்பந்தக் கூலி வேலை. அவர் மனைவி பேச்சியம்மாவின் தம்பி பாலகுமாருக்கும் அதே வேலைதான். பாலகுமார் கம்பம் ஏறுவான். நாகலிங்கம் கீழே சுவிட்ச் கம்பத்தடியில் நிற்பார். இடுப்பு உயரத்தில் ஒரு நீளமான இரும்புக் கைப்பிடி. இறக்கினால் அந்தப் பக்கத்துக் கம்பியெல்லாம் செத்துவிடும். தூக்கினால் உயிர் வரும்; அதைத்தான் லைன் கொடுப்பது என்பார்கள். மேலே ஒருவன் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது தூக்கினால்... அவன் போய்விடுவான்.

புயலில் போன் டவர் சாய்ந்துவிட்டது. மேலே வேலை முடிந்ததா என்று கேட்க வழியில்லை. இவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. ஏறப் போகிறவன் செருப்பைக் கழற்றி சுவிட்ச் கம்பத்தடியில் விட்டுவிட்டு வெறுங்காலோடு போவான். வேலை முடிந்து வந்து அந்தக் கால் அந்தச் செருப்புக்குள் நுழைய வேண்டும். அப்புறம்தான் கைப்பிடியில் கை. செருப்பு கிடந்தால் ஆள் மேலே இருக்கிறான். ஆபீஸ் என்ஜினீயரே வந்து கத்தினாலும் தூக்கக் கூடாது.

பாலகுமார் இடது செருப்பில் அறுந்த வாருக்கு ஊக்கு மாட்டியிருந்தான். துருப்பிடித்த ஊக்கு. வாய் திறந்து திறந்து குத்தும். முந்தின நாள்கூடக் குத்தி, ஒற்றைக் காலில் ஆடினான்.

"புதுசு வாங்கேன் மாப்ள."

"கடை தொறக்கட்டும் மச்சான். கடைக்கே கூரை இல்ல, எனக்கு என்ன செருப்பு?"

அன்று காலையில் பேச்சியம்மா கஞ்சி ஊற்றும்போது சொல்லியிருந்தாள்: "அவன மேல ஏத்திவிட்டுட்டு நீ கீழ நிக்கற ஆளு. எந்தம்பிய எப்படிக் கூட்டிட்டுப் போறியோ அப்படியே கூட்டிட்டு வா." தாய் இல்லாத பிள்ளை. அவள்தான் வளர்த்தாள்.

பாலகுமார் போனது ஆறு கம்பம் தள்ளி. வளைவுக்கு அந்தப் பக்கம். அங்கேதான் சுனாமியில் தாழ்ந்துபோன வயல். இருபது வருடமாகக் கடல் தண்ணீர் நிற்கிறது. அதற்குள் பழைய லைனின் கம்பங்கள், கம்பி இல்லாமல், வெறுமனே நின்றுகொண்டிருக்கும்.

நாகலிங்கத்தின் தலையில் கட்டியிருந்த டார்ச் மங்க ஆரம்பித்தது. தவளை கத்தவில்லை. பூச்சி கத்தவில்லை. புயல் நிவாரண முகாமில் தண்ணீர் மோட்டார் ஓட வேண்டும் என்று ஊரே காத்திருந்தது. வரும்போது வழியில் ஒரு பெங்காலிக் கிழவர் காலிக் குடத்தைத் தட்டிக் காட்டி, "லைட் கப் ஆயேகா, பாய்?" என்று, கரண்ட் எப்போது வரும் எனக் கேட்டிருந்தார். "ஆஜ், தாதா, ஆஜ்" என்று நாகலிங்கம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். இன்றைக்கே வந்துவிடும் என்று.

சளக்... சளக்... சளக்.

சேற்றில் வெறுங்கால். வளைவிலிருந்து. ஆரஞ்சு மழைக்கோட்டு தெரிந்தது. அதே உயரம். அதே சாய்ந்த நடை.

"முடிஞ்சிருச்சு. லைன் குடு, மச்சான்."

நாகலிங்கத்துக்கு உயிர் வந்தது. "இவ்வளவு நேரம் மேல உக்காந்து என்னடா பண்ண, கூடு கட்டுனியா?"

அவன் சிரிக்கவில்லை. செருப்புக்கு ஒரு முழம் தள்ளியே நின்றுவிட்டான். "கால் பூரா சேறு. செருப்பக் கையில எடுத்துக் குடு."

"கையிலயெல்லாம் கிடையாது. பழக்கம் பழக்கம்தான். போடு."

மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். அப்புறம் வலது காலை நுழைத்தான். இடது காலை நுழைத்தான். வேகமாக. முழுப் பாரத்தோடு.

ஊக்கு வாய் திறந்துதான் இருந்தது. நாகலிங்கம் டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். அது பெருவிரல் இடுக்கில் ஏறியது. அடி வரைக்கும் ஏறியது. அவன் முகம்... சுருங்கவில்லை.

"லைன் குடு, மச்சான்."

நாகலிங்கத்தின் கை ஏற்கெனவே கைப்பிடியில் இருந்தது. அது அங்கேயே விறைத்துப்போனது.

அப்போது வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து, தூரத்தில், ஒரு குரல்.

"மச்சாஆன்... இன்னும் ஒரு கம்பம் இருக்கு! லைன் குடுத்துறாத!"

பாலகுமாரின் குரல்.

எதிரே நின்றவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெதுவாகச் சொன்னான்: "அது நான் இல்ல, மச்சான்."

நாகலிங்கம் கைப்பிடியைக் கீழே அழுத்தி அதன் மேலேயே படுத்துவிட்டார். இரும்பு நெஞ்சில் குத்தியது. அவருக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. தூக்காமல் இருந்தால் யாரும் சாகமாட்டார்கள். இடுப்பில் தொங்கிய பூட்டை எடுத்துக் கைப்பிடியில் மாட்டினார். சாவி மூன்று தரம் கீழே விழுந்தது. பூட்டினார். சாவியை வாய்க்குள் போட்டுக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார்.

"இன்னைக்கு லைன் கிடையாது" என்று கத்தினார். சாவி பல்லில் இடித்தது. "யாரா இருந்தாலும் எறங்கு! ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்கடா!"

அப்புறம் தூரத்துக் குரல் மட்டும், கொஞ்சம் அழுகையோடு: "என்ன விட்டுட்டுப் போறியா, மச்சான்?"

போக முடியுமா, சொல்லுங்கள். நாகலிங்கம் அந்த இருட்டில் வளைவை நோக்கி ஓடினார். பின்னால் செருப்புச் சத்தம். சப்... சப்... சப். ஓடவும் இல்லை, பின்தங்கவும் இல்லை.

ஆறாவது கம்பம். அடியில் பாலகுமாரின் பை. மேலே கட்டிய கயிறு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. உச்சியில் யாரும் இல்லை.

"இங்க, மச்சான்..."

அடுத்த கம்பத்திலிருந்து. அங்கேயும் போனார். யாரும் இல்லை.

"இங்க..."

இப்போது குரல் தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. வயலுக்குள் நிற்கிற பழைய கம்பங்களின் உச்சியிலிருந்து. கம்பியே இல்லாத லைன். அதில் யாருக்கு என்ன வேலை? நாகலிங்கம் முழங்கால் தண்ணீர் வரை இறங்கினார். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. இன்னும் ஒரு அடி வைத்தார்... தரை இல்லை.

பின்னாலிருந்து ஒரு கை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"வா மச்சான். வீட்டுக்குப் போலாம். அக்கா தேடும்."

செருப்புப் போட்டவன்தான். அவன்தான் அவரைக் கரைக்கு இழுத்துப் போட்டான். அவர் யாரோடு போவார்? கையில் அகப்பட்டவனோடுதானே போக முடியும். அவன் முன்னால் நடந்தான். அவர் பின்னால் நடந்தார். வயலிலிருந்து அந்தக் குரல் பேர் சொல்லிக் கூப்பிட்டது. வளைவு திரும்பும் வரை கூப்பிட்டது. அவர் காதைப் பொத்திக்கொண்டார்.

பேச்சியம்மா தம்பியைக் கண்டதும் தலையைத் துவட்டிவிட்டாள். "கொண்டாந்து சேத்துட்டியே, மகராசன்" என்று புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். சாவி இன்னும் நாகலிங்கத்தின் வாயில்தான் இருந்தது.

விடிந்ததும் ஆபீஸ் ஆள் ஒருவன் வந்து சாவியை வாங்கிப் போனான். ஒவ்வொரு கம்பமாகப் பார்த்துவிட்டுத்தான் லைன் கொடுப்போம் என்றான். மேலே ஒருவரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான்.

நாகலிங்கம் வீட்டிலேயே இருந்தார். அந்த வீட்டுக்கு வருகிற கம்பி புயலில் அறுந்து முற்றத்தில் சுருண்டு கிடந்தது. லைன் வந்தாலும் அங்கே விளக்கு எரியாது. சுவிட்ச் கம்பம் இருப்பது மூன்று கிலோமீட்டர் தள்ளி. தார்ப்பாய்க்கு அடியில் மூன்று பேரும் உட்கார்ந்து கடுந்தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பாலகுமார் தம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனவன், அப்படியே விறைத்தான். பத்து விரலும் தம்ளரை இறுக்கின. தேநீர் தளும்பித் தொடையில் ஊற்றியது. கொதிக்கக் கொதிக்க. அவன் காலை நகர்த்தவில்லை.

"லைன் குடுத்துட்டாங்க, மச்சான்" என்றான்.

நாகலிங்கம் மணி பார்த்தார். ஏழு பத்து. எத்தனை மணிக்கு லைன் கொடுத்தீர்கள் என்று ஆபீசில் அவர் இன்றுவரை கேட்டதில்லை.

பேச்சியம்மாதான் முதலில் மூக்கைச் சுளித்தாள். "எங்க முடி கருகுது?" அடுப்பைப் பார்த்தாள். அணைத்துவிட்ட அடுப்பு. அவள் குனிந்து, தான் துவட்டிவிட்ட தம்பியின் தலையை ஒரு தரம் மோந்து பார்த்தாள்...

பிறகு நகர்ந்து, புருஷனை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.