துரைக்குப் பச்சைக் கறி

பதினான்கு வயது நாய்க்குச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பொறுமை கேட்கிற வேலை என்று தெரியும். தட்டை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு வாய் தின்றுவிட்டு, எதற்கு வாயைத் திறந்தோம் என்பதையே மறந்ததுபோல் நம்மைப் பார்க்கும். எங்கள் துரை அப்படித்தான் இருந்தான். முதுகெலும்பு துருத்திக்கொண்டு, ரோமம் கொட்டி.

துரை என்று பேர் வைத்தது அப்பா. கூப்பிடுவது 'மகனே' என்று. என்னை 'ஏய்' என்பார். இதைக் குறையாகச் சொல்லவில்லை மேடம். நீங்கள் எழுதிக்கொள்கிறீர்களே என்று வரிசையாகச் சொல்கிறேன்.

மூட்டுவாதத்தில் அப்பாவின் விரல்கள் மடங்கிப்போய்ப் பதினொரு வருடம். குளிப்பாட்டுவது, சட்டை மாட்டுவது, கக்கூஸுக்குக் கொண்டுபோவது எல்லாம் நான்தான். பள்ளிக்கூட ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். ஆறு மாதம் லீவு போட்டேன், பிறகு போகவே இல்லை. வெளியூரில் இருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். "நீ இருக்கேங்கிற தைரியத்துலதான்க்கா நான் இங்க நிம்மதியா இருக்கேன்" என்பான். யாராவது ஒருவர் நிம்மதியாக இருந்தால் சரிதான்.

பச்சைக் கறி யோசனையைச் சொன்னது கறிக்கடைக்காரர். "வேக வச்சு சத்தையெல்லாம் தண்ணியில விட்டுடுறீங்க. பச்சையா குடுத்துப் பாருங்க, கிழவன் துள்ளிக்கிட்டு ஓடுவான்." துரைக்குப் பல் பாதி இல்லை. அதனால் கோழியையும் ஈரலையும் பொடியாகக் கொத்தி வாங்கி வந்தேன். முதல் நாளே தட்டை நக்கிக் காலி செய்தான். மூன்று வாரத்தில் ரோமம் மினுமினுத்தது. அப்பாவின் கட்டிலில் முன்னங்காலைத் தூக்கி வைத்து அவர் முகம் முழுக்க நக்குவான். துடைக்கக்கூட முடியாமல் அப்பா சிரிப்பார்.

இரண்டாம் மாதம் அப்பாவுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. வெளிச் சாப்பாடு ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். நாய் என்ன சாப்பிடுகிறது என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஒன்பது நாளும் ஒரு நர்ஸ் அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். அப்படித் தூங்கி எத்தனையோ காலமாகியிருந்தது.

வீட்டுக்கு வந்த வாரம் துரைக்கு ஊசி போடப் போனேன். நாய் டாக்டர் சின்னப் பெண். என்ன சாப்பாடு என்று கேட்டாள், சொன்னேன். கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"வீட்டுல வயசானவங்க இருக்காங்களா?"

"அப்பா இருக்கார். மூட்டுவாதத்துக்கு மாத்திரை சாப்பிடுறார். இப்பத்தான் காய்ச்சல்ல கிடந்து எழுந்தார்."

"எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரையா? அப்ப இதை இன்னைக்கே நிறுத்துங்கம்மா. பச்சைக் கறியில இருக்கிற கிருமி நாயை ஒண்ணும் பண்ணாம விடலாம். அது நக்கினா அவருக்கு ஒட்டிக்கும். இன்னொரு தடவை வந்தா தாங்க மாட்டார்."

"சரிங்க டாக்டர்" என்றேன். திரும்பும் வழியில் கறிக்கடையில் வழக்கமான அளவே வாங்கினேன்.

அப்போது என்ன நினைத்தேன் என்று கேட்கிறீர்கள். கோபமாக எதுவும் நினைக்கவில்லை. துரைக்கு இப்போதுதான் உடம்பு தேறுகிறது, நிறுத்தினால் மறுபடி இளைத்துவிடுவான் என்று நினைத்தேன். நாயைக் கிட்டே சேர்க்காதீர்கள் என்றால் அப்பா மனசு உடைந்துவிடுவார் என்றும் நினைத்தேன். இரண்டும் பொய் இல்லை.

முன்பெல்லாம் தின்று முடித்ததும் துரை கூடத்தில் படுத்துக்கொள்வான், தோன்றும்போது அப்பாவிடம் போவான். அதற்குப் பிறகு நானே கூட்டிக்கொண்டு போனேன், வாய் ஈரம் காய்வதற்குள். கட்டிலில் ஏற முடியாமல் தடுமாறினால் பின்னங்காலைத் தாங்கிக் கொடுத்தேன். அப்புறம் குழாயடிக்குப் போய் முழங்கை வரை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டேன்.

"இப்பல்லாம் அவனை நீயே கூட்டிட்டு வர்றியே," என்றார் அப்பா ஒருநாள். "உனக்கும் அவன்மேல பாசம் வந்துடுச்சும்மா."

'ஏய்' இல்லை, என்னை அம்மா என்றார். மறுநாள் துரையின் வாயை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டேன். அதற்கு அடுத்த நாள் துடைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஐந்தாம் நாள் போய்விட்டார்.

யாரும் சந்தேகப்படவில்லை. நான் பாட்டுக்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம். இரண்டு மாதம் தூங்கிப் பார்த்தேன், அசதி தீரவில்லை. போன வாரம் தம்பி மனைவி வந்திருந்தாள். அடுத்த அறையில் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கொஞ்சம் கவனிச்சுப் பார்த்திருந்தா மாமா இன்னும் இருந்திருப்பார்."

அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன் மேடம். அப்பாவை நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கவனிக்காமல் விட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.