நானூற்றைம்பதுக்குப் பதில் முந்நூறு

ஓடுகிறார்கள். பாப்பாரப்பட்டிச் சந்தை முழுவதும் ஓடுகிறது. கூடைகள் உருள்கின்றன. ஆடுகள் கத்துகின்றன. நான் பிரசார வேனுக்குள் நிற்கிறேன். கையில் குறடு. மூக்கில் கருகிய நாற்றம்.

1942. சித்திரை மாசம். பகல் பதினொன்றேகால்.

அது யுத்தப் பிரசார வேன். சந்தை சந்தையாகப் போய்ப் பட்டாளத்துக்கு ஆள் கூப்பிடும். அதன் ஒலிபெருக்கியைப் பழுது பார்ப்பவன் நான். முந்தின நாள் அதில் மின்சாரத்தைத் தேக்கிக் கொடுக்கும் ஒரு கண்டன்சர் செத்துவிட்டது. நானூற்றைம்பது வோல்ட் தாங்குவது. யுத்தத்தால் கடைகளில் கிடைக்கவில்லை. கையிலிருந்தது முந்நூறு வோல்ட் தாங்குவது. ஸ்விட்சைப் போட்டதும் அந்த ஒலிபெருக்கிப் பெட்டியில் நானூறு வோல்ட்டுக்கு மேல் ஏறும். தாங்காதுங்க என்று மூன்று தடவை சொன்னேன். சேலத்திலிருந்து சரியானது வரும்வரை வேனை எடுக்க வேண்டாம் என்றேன். பிரசார அதிகாரி இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே பருமனாத்தானே இருக்குது? யுத்த காலம்யா. இருக்கறதப் போடு."

போட்டேன். சொன்னது அவர் வாய். போட்டது என் கை.

சந்தையில் ஸ்விட்ச் போட்டு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முதலில் உஸ் என்றது. பிறகு டமார். கண்டன்சர் வெடித்துத் தகரமும் காகிதமும் பறந்தன. பக்கத்திலிருந்த வால்வு என்கிற கண்ணாடிக் குழல் சிவந்து பழுத்தது. எந்த நொடியும் கண்ணாடி சிதறும். வேனின் பின்கதவில் சனம் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வால்வை எங்கள் பட்டறையில் குண்டு என்போம். வாயில் வந்தது அதுதான்.

"குண்டு வெடிக்கப் போவுது! எட்டப் போங்க!"

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மெட்ராஸ் சனம் மூட்டை முடிச்சோடு ஊர் ஊராக வந்து இறங்கிக்கொண்டிருந்த மாசம் அது. டமார் என்ற சத்தத்தைக் கேட்டார்கள். குண்டு என்ற சொல்லைக் கேட்டார்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினார்கள். வால்வுங்க, வால்வுங்க என்று பின்னாலேயே கத்தினேன். வால்வு என்றால் எவருக்குத் தெரியும்?

சந்தைக்கு ஒரே வாசல். என் பெண்டாட்டி மாரக்கா அங்கேதான் உட்கார்ந்து புளி விற்றுக்கொண்டிருந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது அத்தனை கால்களும் அவள்மேல் ஏறிப் போயிருந்தன. மூச்சு இல்லை.

படிப்பறிவில்லாத சனங்களின் பீதி என்று அதிகாரி எழுதிக்கொண்டு போனார். கண்டன்சரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. நாசமாய்ப் போக. முந்நூறு என்று அதன் உடம்பிலேயே அச்சடித்திருந்தது. படிக்கத் தெரிந்தவர்தானே அவர்?

எட்டாம் நாள் சேலத்திலிருந்து நானூற்றைம்பது வந்தது. தொட மாட்டேன் என்றேன். வேறொருவன் போட்டான்.

போனவை இவை. ஒரு கண்டன்சர். வத்தல்மலையிலிருந்து தேன் கொண்டுவந்த மாதப்பன். என் மாரக்கா. அவள் வயிற்றில் ஐந்து மாசம்.

அந்தக் கண்ணாடிக் குண்டு வெடிக்கவே இல்லை. யுத்தம் முடியும்வரை அதே வேனில் எரிந்தது.