மூன்றாம் பக்க அறிவிப்பு

என் விரலை ஃபோன் மதிக்காது, ஐயா. இருபத்தாறு வருடம் துடுப்பும் வடமும் பிடித்துக் காய்த்துப்போன விரல். நாலு தரம் தேய்த்தால் ஒரு தரம் கேட்கும். இந்த விரலை வைத்துக்கொண்டுதான் எங்கள் படகு கிளப்பின் வலைத்தளத்தையும் மாத இதழையும் மூன்று வருடமாகப் பார்த்துவருகிறேன்.

அங்கே நான் படகுக் கொட்டகைக் கூலி. நாற்பத்தொரு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துப் படித்தேன். அதைக் கேள்விப்பட்ட செயலாளர், "படிச்சவனாயிட்டே, இனி இதையும் நீயே பாத்துக்கோ" என்று தோளில் தட்டினார். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

உறுப்பினர்கள் படத்தைத் தலைகீழாக அனுப்புவார்கள். கட்டுரை கேட்டால் காகிதத்தில் கிறுக்கிப் போட்டோ பிடித்து அனுப்புவார்கள். பாதி வரியில் அவர்கள் கட்டைவிரல் இருக்கும். கடவுச்சொல்லை மறந்துவிட்டு என்னை ஏசுவார்கள். கூட்டம் எத்தனை மணிக்கு என்று முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருப்பேன். இதழ் போன அரைமணியில் செயலாளரே கூப்பிடுவார்.

"கூட்டம் எத்தனை மணிக்குப்பா?"

"இதழ்ல போட்டிருக்கேன் சார்."

"அதை யாரு படிக்கிறது? நீ வாயால சொல்லு."

வேறு ஆள் பாருங்கள் என்று இரண்டு தரம் கெஞ்சினேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார். என் மனைவிக்குச் சிரிப்பு. "செவிடன் காதுல சங்கு ஊதுறே. ஊது, மூச்சாவது பலப்படும்."

போன மாதம் நாலாம் எண் படகின் அடிப்பலகை உளுத்திருப்பதைக் கண்டேன். அழுத்தினால் மாவாக உதிர்ந்தது. படகைக் கவிழ்த்துப் பூட்டியிருக்கலாம். பூட்டவில்லை. மூன்றாம் பக்கத்தில் எழுதினேன்: "நாலாம் எண் படகை யாரும் எடுக்க வேண்டாம். பாதி ஏரி போவதற்குள் அடிப்பலகை விட்டுவிடும்." இந்த இரண்டு வரிக்கு எனக்கு ஒரு பிற்பகல் முழுதும் ஆனது. வலைத்தளத்திலும் ஏற்றினேன். ஒன்பது நாளில் அந்தப் பக்கத்தைத் திறந்தவர் ஒருவர் என்று காட்டியது. அந்த ஒருவர் நான்.

பத்தாம் நாள் காலை செயலாளர் வந்து, வழக்கம்போல் "நாலை இறக்கு" என்றார். நான் கேட்காமல் இல்லை, ஐயா.

"இந்த மாச இதழ் பாத்தீங்களா சார்?"

"ஒரு வரி விடாம படிச்சேன்பா. பிரமாதம்."

பெரிய மனிதர் படித்தேன் என்கிறார். இல்லை என்று சொல்ல நான் யார்? படகை இறக்கினேன். உட்காரும் பலகை ஈரமாக இருந்தது. கொட்டகையில் அடுக்கியிருந்த இதழ்களில் ஒன்றை எடுத்து விரித்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். மூன்றாம் பக்கம் மேலே இருந்தது. துடுப்பைக் கையில் கொடுத்து, "பாத்துப் போயிட்டு வாங்க" என்றேன்.

அவருக்கு நீச்சல் வராது. கிளப்பில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் விஷயம் அது.

நடு ஏரியில் அவர் கை தூக்கியதைப் பார்த்தேன். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கேட்டது. இரண்டாம் எண் படகு என் காலடியில் தயாராக நின்றது. நான் ஃபோனை எடுத்தேன். உதவிக்கு ஆள் கூப்பிட அல்ல. அறிவிப்பு வலைத்தளத்தில் இருக்கிறதா என்று பார்க்க. விரல் நாலு தரம் வழுக்கியது. ஐந்தாம் தரம் திறந்தது. இருந்தது, ஒரு பிழையும் இல்லாமல். நான் நிமிர்ந்தபோது ஏரி சும்மா கிடந்தது.

ஏன் வாயால் சொல்லவில்லை என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். வாயால்தான் சொல்ல வேண்டுமென்றால், நாற்பத்தொரு வயதில் நான் எதற்கு ஐயா எழுதப் படித்தேன்?