அரிசி டிரம்முல பத்தாம் நம்பர்

அரியாங்குப்பம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் புருசன் பொண்டாட்டி. அவர் மெக்கானிக்.

“ஏங்க, அம்மன் கோயில் பொங்கலுக்கு அளந்து குடுத்த அரிசியோட உங்க பத்தாம் நம்பர் ஸ்பேனரும் போயிடுச்சு.”

“அரிசி டிரம்முல வெச்சா உப்புக்காத்துக்குத் துரு ஏறாதுன்னு நீதானே சொன்ன?”

“ஏறலையே.”

“ஏழு வருசமா ஸ்பேனரை ஒண்ணொண்ணா வாங்கிச் சேத்தேன். நாளைக்குச் சொந்தக் கடை தொறக்கணும். அது இல்லாம எந்த பைக்கைத் தொடுறது?”

“அதான் கோயில்ல கேக்கப் போறோமே. பொங்கல்ல வெந்திருந்தாலும் கழுவிக் குடுப்பாங்க. அம்மன் கையால வாங்கினதா இருக்கட்டும்.”

ஆத்துப்பாலம் வந்தது. காத்தில் அவர் கண்ணை மூடிக்கிட்டார். மடியில் விரல் மட்டும் அசைந்து, அங்கே இல்லாத நட்டு ஒன்றைத் திருகியது.

“டைட்டாயிடுச்சா?” என்று அந்தம்மா மெதுவாகக் கேட்டாள்.

“இன்னும் ஒரு சுத்து,” என்றார், கண்ணைத் திறக்காமல்.