பதினேழு பேருக்கு எலுமிச்சை சாதம்

பாரிஸுக்குப் போகும்போது ரைஸ் குக்கர் எடுத்துப் போவதில் தவறு எதுவும் இல்லை. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இரண்டாம் நாள் காலையில் ஒரு பிடி சோறு கிடைக்காதா என்று நாக்கு ஏங்கும்போது, சிரித்தவர்கள்தான் தட்டோடு முதல் ஆளாக வந்து நிற்பார்கள். அமெரிக்கக் குக்கர் அங்கே வேலை செய்யாது, மின்சாரம் வேறு. அதற்காகவே திருச்சியிலிருந்து வாங்கி வந்த குக்கர் ஒன்றை அட்டைப்பெட்டியோடு பத்திரமாக வைத்திருக்கிறேன். முன்யோசனை என்பது எனக்குப் பிறவியிலேயே வந்த குணம்.

என் பெயர் நெடுஞ்செழியன். அலுவலகத்தில் நெட். அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் வீடு, பக்கத்து ஊரில் ஒரு மருந்து கம்பெனியில் புள்ளிவிவர வேலை. மனைவி எழிலரசி. ஒரே மகள் அஞ்சனா வேலை கிடைத்து ஆகஸ்டில் சியாட்டிலுக்குப் போய்விட்டாள். பாரிஸிலிருந்து நாங்கள் திரும்பிய பிறகு எழில் அஞ்சனாவின் அறையில் படுத்துக்கொள்கிறாள் என்று தெரிந்ததும், அஞ்சனாதான் ஒரு கௌன்சலரைத் தேடிப் பிடித்தாள். "அப்பா, ப்ளீஸ், ஜஸ்ட் டெல் ஹிம் தி ட்ரூத்," என்றாள் போனில்.

நல்ல மனிதர். என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள், பூச்சு வேலை இல்லாமல் எழுதிக்கொண்டு வாருங்கள், எந்த மொழி சுலபமோ அந்த மொழியில் எழுதுங்கள் என்றார். ஆகவே தமிழில் எழுதுகிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது. அஞ்சனாவுக்குப் பேசினால் புரியும், படிக்க வராது. அதனால் உள்ளதை உள்ளபடி சொல்வதில் எனக்குச் சங்கடம் எதுவும் இல்லை.

எங்கள் கூட்டத்தில் ஐந்து குடும்பங்கள். நயாகரா என்றாலும் ஸ்மோக்கி மலை என்றாலும் ஐந்தும் சேர்ந்துதான் கிளம்பும். யார் காரில் யார், யார் புளியோதரை, யார் தயிர், எந்த ரெஸ்ட் ஏரியாவில் எத்தனை நிமிடம் என்று எக்செல் ஷீட் போடுவது நான். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ட்ரிப் அங்கிள். எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு எங்காவது இரண்டு பேராகப் போகலாம் என்றாள் எழில். வெர்மான்டில் ஒரு கேபின் எடுத்தேன். ஏரியைப் பார்த்த மாதிரி அழகான இடம். பதினான்கு பேர் தங்கினோம். கேக்கை என் நண்பன் மாதவின் மகன் வெட்டினான், அவன் பிறந்தநாளும் அந்த வாரத்தில்தான் வந்தது.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை தோசை ஊற்றிக்கொண்டே எழில் சொன்னாள்.

"அக்டோபர் லாங் வீக்கெண்டுக்கு பாரிஸ் போறோம். டிக்கெட் போட்டாச்சு."

"யார் யாரு?"

"நீங்களும் நானும்."

"அப்புறம்?"

"அப்புறம் யாரும் இல்லைங்க. அவ்வளவுதான்."

இருபத்தாறு வருட வாழ்க்கையில் எழில் தானாக டிக்கெட் போட்டது அதுதான் முதல் தடவை. ஓட்டலும் பார்த்து வைத்திருந்தாள். ஆற்றுக்குப் பக்கத்தில், ஒரு கட்டில், ஒரு ஜன்னல். மூன்று நாளுக்கான திட்டத்தை ஒரு சின்ன நோட்டில் ஒரே பக்கத்தில் எழுதியிருந்தாள். அவள் குளிக்கப் போனபோது எடுத்துப் பார்த்தேன். அவ்வளவு வெற்றிடம் உள்ள ஒரு பயணத் திட்டத்தை நான் பார்த்ததே இல்லை. வெள்ளி: நடக்கலாம். சனி: மழை பெய்தால் மியூசியம். ஞாயிறு: காலை பத்து மணி, ஆற்றங்கரை, பழைய பாலத்துக்குக் கீழே உள்ள பெஞ்ச். பேசணும்.

அன்று மதியம் எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். 'பாரிஸ் டிக்கெட் அக்டோபரில் மலிவாக இருக்கிறது. தகவலுக்காக மட்டும்.' யாரையும் வரச் சொல்லவில்லை. இதைக் கவனிக்க வேண்டும். தகவலுக்காக மட்டும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறேன், இப்போதும் எடுத்துப் பார்க்கலாம்.

பதினோரு நிமிடத்தில் மாதவ் கூப்பிட்டான்.

"டேய் நெடு, நீ போறியா?"

"எழிலுக்கு ரொம்ப நாள் ஆசைடா."

"அப்ப நாங்களும் வர்றோம். ஷ்யாமளா இப்பவே லீவ் அப்ளை பண்ணிட்டா. குக்கர் இருக்குல்ல?"

இருக்கிறது என்றேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது பண்பு. ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் பதினேழு பேர் ஆகிவிட்டோம்.

எழில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீங்க சொன்னீங்களா?"

"தகவல் போட்டேன். அவங்களே வர்றேன்னா வேண்டாம்னா சொல்ல முடியும்?"

நறுக்கிய பீன்ஸைப் பாத்திரத்தில் அள்ளிப் போட்டாள். பிறகு, "ரூம் நமக்குத் தனிதானே? ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் நாம தனியா போயிட்டு வந்துடலாம்," என்றாள். அதற்கும் ஒரு வழி செய்ய வேண்டியதாயிற்று. மறுநாள் அலுவலகத்திலிருந்தபடியே ஓட்டலின் முன்பதிவை ரத்து செய்தேன். அங்கே தண்ணீர்க் குழாய் வெடித்து ஒரு மாடியே மூடிவிட்டார்களாம் என்று எழிலிடம் சொன்னேன். அந்த ஓட்டல் பாவம், அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கசியவில்லை. ஊருக்கு வெளியே, ரயிலில் நாற்பது நிமிடத் தூரத்தில், பெரிய சமையலறையோடு ஒரு வீடு எடுத்தேன். பெண்களுக்கு மாடி, ஆண்களுக்குக் கீழ்த்தளம் என்று ஷீட்டில் பிரித்துப் போட்டேன். எல்லாரும் பாராட்டினார்கள்.

எழில் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு எம்.ஏ. படித்தவள் என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் யாருக்கும் அது தெரியாது. விமான நிலையத்து வாசலில் டாக்ஸிக்காரரிடம் அவள் வாயைத் திறந்ததும் ஷ்யாமளா பெட்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"எழில், உனக்கு ஃப்ரெஞ்ச் தெரியுமா? இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே நீ."

"யாரும் கேக்கலையே," என்றாள் எழில்.

அதன்பிறகு இரண்டு நாளும் அவளுக்கு ஓய்வே இல்லை. முட்டை இல்லாமல் கிடைக்குமா, இறைச்சி பட்ட கரண்டியா, குடிக்க வெந்நீர் தருவார்களா, பாத்ரூம் எங்கே என்று பதினாறு பேருக்கும் அவள்தான் வாய். அவள் சலித்துக்கொள்ளவில்லை. தெருமுனை ரொட்டிக் கடையில் ஒரு வயதான அம்மாள் என்னவோ சொல்ல, எழில் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எல்லாரையும் கிளப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எழில் கோட்டு போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"நான் கிளம்பறேங்க. வர்றீங்களா?"

"பதினேழு பேருக்குச் சாப்பாடு ஆகணுமே எழில். நீ போ, பின்னாலேயே வந்துடறேன்."

"அண்ணா, நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்," என்றாள் ஷ்யாமளா.

"எலுமிச்சை சாதம் என் டிபார்ட்மென்ட்," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எழிலும் சிரித்த மாதிரி இருந்தது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

சின்னக் குக்கர் என்பதால் சோற்றை மூன்று தடவையாக வைக்க வேண்டியிருந்தது. முதல் தடவை வெந்துகொண்டிருக்கும்போது எழிலிடமிருந்து செய்தி வந்தது. 'பெஞ்சில இருக்கேன்.' கடுகு, கடலைப்பருப்பு, நிலக்கடலை தாளித்தேன். பன்னிரண்டரைக்கு இன்னொன்று. 'மழை விட்டுடுச்சு.' கட்டை விரல் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினேன். கூட்டம் சாப்பிட்டுவிட்டு இரும்புக் கோபுரத்தைப் பார்க்கப் போய்விட்டது. நான் பாத்திரம் கழுவினேன். கழுவ வேண்டியதெல்லாம் தீர்ந்த பிறகு, வீட்டுக்காரருடைய அலமாரியில் சுத்தமாக இருந்த பாத்திரங்களையும் எடுத்துக் கழுவி வைத்தேன். நாற்பது நிமிட ரயில்தான். வழியும் தெரியும்.

மாலை ஐந்தரைக்குத் திரும்பி வந்தாள். கோட்டின் பின்பக்கம் நனைந்திருந்தது. அவளுக்காகத் தனியாக எடுத்து மூடி வைத்திருந்த சாதத்தைக் கொடுத்தேன். முழுவதும் சாப்பிட்டாள்.

"உப்பு ஒரு கல்லு கம்மி," என்றாள். அந்தப் பயணத்தில் அவள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அது.

பூச்சு வேலை வேண்டாம் என்று கௌன்சலர் சொல்லியிருக்கிறார். மேலே ஓர் இடத்தில் கொஞ்சம் மாற்றி எழுதிவிட்டேன். நோட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே 'பேசணும்' என்று இல்லை. 'அவரே சொல்லட்டும்' என்று இருந்தது.

ஆகஸ்டு கடைசியில் எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி எழிலைப் பார்த்து நின்றார். இரண்டு பேரும் ஜன்னல் ஓரமாக வெகுநேரம் பேசினார்கள். நான் பத்திரிகை அடுக்கின் பக்கம் இருந்தேன். காரில் ஏறியதும் யார் என்று கேட்டேன். "அந்த ஸ்கூல்ல அப்ப ப்ரின்சிபாலா இருந்தவங்க. என்னை ஞாபகம் வச்சிருக்காங்க," என்றாள். நான் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். இரண்டு வாரம் கழித்து பாரிஸுக்கு டிக்கெட் போட்டாள்.

அந்தப் பள்ளி விவகாரம் இரண்டாயிரத்து ஆறில் நடந்தது. கிரீன் கார்டு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது, அது வரும்வரை எழிலுக்கு இங்கே வேலை பார்க்க அனுமதி கிடையாது. ஒரு தனியார் பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியை வேலைக்கு விண்ணப்பித்து நேர்காணலுக்கும் போய் வந்தாள். பிறகு ஒரு நாள் காய்ச்சல் என்று நான் வீட்டில் இருந்தேன். எழில் பால் வாங்கப் போயிருந்தாள். சமையலறையில் போன் அடித்தது. எழிலை எல்லாருக்கும் மிகவும் பிடித்துவிட்டது, வேலை அவளுக்குத்தான், வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொன்னால் போதும் என்றார் அந்தப் பிரின்சிபால் அம்மாள். என் மனைவி குழந்தையோடு வீட்டில் இருப்பது என்று முடிவு செய்துவிட்டாள், உங்களிடம் நேரில் சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று மரியாதையாகச் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார், வாழ்த்துச் சொன்னார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"போன் வந்துதா?" என்று கேட்டுக்கொண்டே பாலோடு உள்ளே வந்தாள் எழில்.

"இல்லையே," என்றேன்.

மூன்று வாரம் அவள் போன் இருக்கும் இடத்தை விட்டு நகரவில்லை. அஞ்சனாவைக் குளிப்பாட்டும்போதுகூட அதைக் கொண்டுபோய்த் தொட்டி ஓரத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு பிரெஞ்சுப் புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு ஒட்டினாள். கனமான பெட்டி. கராஜுக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போய், பனி அள்ளும் மண்வெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன்.

ஏன் செய்தேன் என்றால், அஞ்சனாவுக்கு நான்கு வயது, டேகேரில் விட்டால் சளி பிடிக்கும், வார இறுதியில் நாலு பேர் வந்தால் யார் பார்ப்பது என்று பல காரணம் இருந்தது. எல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் நேர்காணல் முடிந்து காரிலிருந்து இறங்கி வந்த அன்று எழில் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கு எதுவும் இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அவளுக்கு ஆகஸ்டிலேயே எல்லாம் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே சொல்வதற்கு ஒரு ஊரையும் ஒரு பெஞ்சையும் பார்த்து வைத்து, அங்கே போய் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

எழுதி முடித்ததும் மனம் லேசாகிவிட்டது. கௌன்சலரால் இதைப் படிக்க முடியாது. இந்த வீட்டில் என்னைத் தவிரத் தமிழ் படிக்கத் தெரிந்தவள் எழில் ஒருத்திதான். அவளிடம் இதைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவள் படித்து முடிக்கும்வரை இருக்கப் போகிறேன். அதில் மாற்றமே இல்லை. இந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் தீபாவளி கெட்-டுகெதர். தீபாவளி போய் மூன்று வாரம் ஆகிவிட்டது, ஆனாலும் நாற்பது பேர் வருகிறார்கள், அந்த நேரத்தில் அவள் மனதைக் கலைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டை ஒழுங்கு பண்ணவே சரியாக இருக்கும். திங்கட்கிழமை காலை, நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருக்கும்போது கொடுத்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமையே வெங்காயம் நறுக்கியாக வேண்டும் என்பதால் மாதவ் குடும்பத்தை அன்று மாலையே வந்து தங்கச் சொல்லியிருக்கிறேன். வந்ததுதான் வந்தீர்கள், இருந்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை போகலாம் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.