என் வீட்டுக்காரரின் சிரிப்பு

இஞ்சித் தேநீர் எனக்குக் கைவந்த பக்குவம், மேடம். கிள்ளானில் எங்கள் வீட்டு வரிசையில் யாருக்குச் சளி பிடித்தாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

என் வீட்டுக்காரர் சுகுமாறன் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். குடித்தால் அடிக்கிற ஆள் இல்லை, ஆடுகிற ஆள். அரிசி களைந்துகொண்டிருக்கும் என்னை ஈரக் கையோடு இழுத்துச் சமையலறையிலேயே சுற்றுவார். எனக்குத் தலை கிறுகிறுக்கும், சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். பிறகு ஈரல் கெட்டது. "இனி ஒரு சொட்டு தொட்டாலும் ஆள் தங்கமாட்டாரு" என்றார் டாக்டர். அவரும் விட்டுவிட்டார். பதினான்கு மாதம்.

நல்ல மனிதராகிவிட்டார். செடிக்குத் தண்ணீர் ஊற்றினார், நேரத்துக்குச் சாப்பிட்டார், செய்தி பார்த்தார். நான் எதிரில் உட்கார்ந்து கதை சொன்னால் "ம்" என்பார். அவ்வளவுதான்.

முதல் நாள் அவருடைய இஞ்சித் தேநீரில் ஒரு கரண்டி பிராந்திதான் ஊற்றினேன். கோவிட் வந்துபோனதிலிருந்து அவருக்கு வாசனையும் ருசியும் தெரியாது; தொண்டை எரிந்தாலும் இஞ்சி என்றுதான் நினைப்பார். நான்காம் நாள் நான்கு கரண்டி. எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"என்னமோ தெரியல தாமர, மனசு அப்படியே பறக்குது லா. வா, ஆடலாம்."

ஆடினோம், மேடம். நாற்காலியைத் தள்ளிவிட்டு, மேசையில் இடித்துக்கொண்டு, பட்டப்பகலில் ஆடினோம்.

பிரிக்பீல்ட்ஸில் குடியை விட்டவர்கள் ஞாயிறுதோறும் கூடுவார்கள். அங்கே எழுந்து நின்று, "குடிக்காமலே இவ்வளவு சந்தோஷம் வரும்னு இப்பதான் தெரியுது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டம் நடத்தும் இராமலிங்கம் அண்ணன் அழுதேவிட்டார். தேநீர் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு நானும் தட்டினேன்.

ஏழாவது வாரம் கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரியில், மறுபடி குடித்தீர்களா என்று டாக்டர் கேட்டார்.

"சத்தியமா இல்ல டாக்டர். என் பொண்டாட்டியக் கேளுங்க."

"எனக்குத் தெரியாம குடிச்சிருப்பாரு" என்றேன்.

இரண்டு நாள் கூரையைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டே கிடந்தார். மூன்றாம் நாள், "நானே குடிச்சிட்டு மறந்துட்டேனோ தாமர?" என்று கேட்டு அழுதார். மறுநாள் காலை போய்விட்டார்.

ஊற்றியது நான்தான், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் சொன்னது ஒவ்வொரு கரண்டிக்கும் நினைவிருந்தது, அதையும் எழுதுங்கள். ஆனால் அவர் அழுதபோது நான் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. தலையைத் தடவி, "பரவால்ல, நான் மன்னிச்சிட்டேன்" என்றேன்.

மனதாரத்தான் மன்னித்தேன், மேடம்.